சஹனுக்கு ஒரு ஜெனரேட்டர்

கம்பனியின் கம்பியூட்டர் பிரிவிலிருந்து நீங்கள் அனுப்பிய திட்டத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை குறை பிடிப்பதற்காக வாசித்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு அது ஒரு வியாதி, மருந்து கிடையாது. இரண்டாம் தடவைதான் நியாயமாக வாசித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். டேட்டாபேஸ் பாரமாகிவிட்டது, கலியாண சீசனில் ஒரு ஓடரைத் திறப்பதற்குள் கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகிறது, ஆகவே பழைய ஓடர்களைப் பிரித்தெடுத்து வேறொரு சர்வரில் வைக்கப் போகிறீர்கள். செய்யத்தான் வேண்டும். வீட்டில் பழைய சாமானைக் கட்டிலுக்குக் கீழே தள்ளாமல் யாரும் புதுச் சாமான் வாங்குவதில்லை.

ஒரு வரியில் மட்டும் என் கண் நின்றுவிட்டது. "ஏழு வருடங்களுக்கு முன் நிறைவடைந்த ஓடர்கள் அனைத்தும் காப்பகத்துக்கு மாற்றப்படும்." அதற்குக் கீழே காரணம் எதுவும் இல்லை. ஏன் ஏழு? ஆறு ஏன் இல்லை, பத்து ஏன் இல்லை? கேட்டால், எல்லோரும் ஏழு என்றுதான் வைக்கிறார்கள் என்பீர்கள். எங்கள் காலத்தில் எல்லோரும் ஐந்து என்றுதான் வைத்தார்கள். அந்த ஐந்து என்னை எத்தாளை வரைக்கும் ஓட வைத்த கதையைச் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே கேளுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும் சிரிப்பு நிலைக்கவில்லை.

எங்கள் கம்பனியின் தொழில் உங்களுக்குத் தெரியும். மண்டபம், பந்தல், கதிரை, ஜெனரேட்டர், சாப்பாடு. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் யார் வீட்டில் கலியாணம் என்றாலும் நம்முடைய லொறி ஒன்று வாசலில் நிற்கும். அப்போதும் இதே கரைச்சல்தான். சிஸ்டம் ஆமை வேகத்தில் போனது. முதலாளி கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், நல்ல சட்டை. எங்கள் டேபிள்களை எல்லாம் பார்த்துவிட்டு, "ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதைத் தூக்கிவிடலாம்" என்றார். கணக்காளர் வரிச் சட்டத்தை நினைத்துச் சரி என்றார். நான் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று கேட்டேன். முதலாளிக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம்.

"பழைய ஆக்கள் திரும்பி வந்தா?" என்று கேட்டார்.

"கலியாணம் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதானே, ஹாஜியார்?" என்றார் ஆலோசகர்.

எல்லோரும் சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கூட்டம் முடிந்தது. கூட்டம் சிரிப்பில் முடிந்தால் பயப்பட வேண்டும் என்று யாராவது எனக்கு அப்போது சொல்லியிருக்கலாம்.

பிழை எங்கே என்று பாருங்கள். கலியாணம் ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான். ஆனால் நம்முடைய வாடிக்கையாளர் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. பெண்ணின் வாப்பா. அவருக்கு மூன்று மகள் இருந்தால் மூன்று தடவை வருவார். நடுவில் ஐந்து வருடம் போகும், பத்து வருடமும் போகும். அவர் வந்து சொல்லும் வார்த்தை இந்தக் கரை முழுவதும் ஒன்றுதான்: "மூத்தவளுக்குப் போட்ட மாதிரியே போடுங்க."

அந்த வார்த்தையை லேசாக எடுக்கக் கூடாது. இளையவளின் கலியாணத்தில் ஒரு கறி குறைந்தால் புது மாப்பிள்ளை வீட்டாருக்கு மனம் நோகும். ஒரு கறி கூடினால் மூத்தவளின் மாமியார் வீட்டில் முகம் சுருங்கும். சுருங்கிய முகத்தோடு குடும்பம் நடத்துகிறவள் மூத்தவள். நம்முடைய முன்பதிவு மேசையில் இருப்பவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அதனால் அவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். மெனு எழுதும் இடத்தில் கறிகளை ஒவ்வொன்றாகத் தட்டுவதில்லை. "முந்தியது போல" என்று இரண்டு சொல் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். சமையற்கட்டுக்குச் சாமான் பட்டியல் போடும் நேரத்தில் பழைய ஓடரைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். பல வருடம் அது ஒழுங்காகவே நடந்தது. நாங்கள் "முந்தியதை"த் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிய வருடம்தான் விஷயம் வெடித்தது.

ஜவாத் மாஸ்டரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நம் பக்கத்துக் கரைத்தீவில் இருக்கிறார். தொண்ணூறில் முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மூத்த மகள் பர்ஹானாவை எத்தாளையில் கட்டிக் கொடுத்தவர், பதினொரு வருடம் கழித்து இளையவள் நஸ்ரினின் கலியாணத்துக்கு நம்மிடமே வந்திருந்தார். கலியாணத்துக்கு நான்கைந்து நாள் இருக்கையில் சமையற்கட்டிலிருந்து சாமான் பட்டியல் கேட்டார்கள். ஓடரைத் திறந்தால் மெனு இருக்க வேண்டிய இடத்தில் "முந்தியது போல" மட்டும் இருந்தது. முந்தியது எங்கே என்று தேடினால் ஒன்றும் இல்லை.

அப்போது என்னோடு வேலை செய்த நிஷாந்த சிலாபத்துப் பிள்ளை. வீட்டில் சிங்களம், ஒஃபிஸில் எங்கள் தமிழ். கெட்டிக்காரன். எல்லோரையும் போல அவனும் என்னை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். "பயப்படாதீங்க ராத்தா, காப்பகத்தில இருந்து எடுத்துத் தாறன்" என்று சொல்லி டிஸ்க்கைக் கொழுவினான். மத்தியானத்துக்குள் ஓடர் திரும்பி வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. திட்டம் போட்டோம், தூக்கி வைத்தோம், கேட்டவுடன் எடுத்தோம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். பிரிண்ட் எடுத்து மேசைக்கு அனுப்பினேன். தாள் போன வேகத்தில் மேசைப் பையனோடு திரும்பி வந்தது.

"என்ன ராத்தா இது? சஹனுக்கு ஒரு ஜெனரேட்டர் எண்டு போட்டிருக்கு."

சஹன் என்பது நம் கலியாணங்களில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தாம்பாளம். தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். பர்ஹானாவின் கலியாணத்தில் ஒவ்வொரு சஹனுக்கும் நெய்ச்சோறு, இரண்டு மேசை விரிப்பு, ஒரு ஜெனரேட்டர், ஆளுக்கொரு ஒலிபெருக்கி பரிமாறப்பட்டதாக எழுதியிருந்தது. நிஷாந்த அடக்க முடியாமல் சிரித்தான். "அனே ராத்தா, அந்த மாப்பிள்ளை வீட்டு ஆக்களுக்கு நல்ல பல்லு!"

நானும் சிரித்தேன். பிறகு தாளை மறுபடி வரி வரியாகப் பார்த்தேன். நடந்தது என்னவென்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். ஓடரில் கறியின் பெயர் இருப்பதில்லை, ஓர் எண்தான் இருக்கும். எந்த எண் எந்தக் கறி என்று இன்னொரு டேபிள் சொல்லும். நாடு முழுக்கக் கேஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு முதலாளி மெனுவை முழுக்க மாற்றினார். அப்போது, அழகாக இருக்கட்டும் என்று, எண்களையும் புதிதாக ஒன்றிலிருந்து போட்டுவிட்டார்கள். பழைய எண்கள் புதுச் சாமான்களுக்குப் போய்விட்டன. காப்பகத்தில் ஓடர்கள் பத்திரமாக இருந்தன. அவற்றின் அர்த்தத்தை நாங்கள் எங்கேயும் வைக்கவில்லை. நெய்ச்சோறு மட்டும் தற்செயலாகப் பழைய எண்ணிலேயே தப்பியிருந்தது.

அந்தத் தாளில் இன்னொரு வினோதம். எல்லாச் சாமானின் அளவும் சஹன் கணக்குக்கு ஒத்து வந்தது. கடைசி வரியில் மட்டும் ஓர் எண், அளவு ஒன்று. ஒரே ஒன்று. இன்றைய டேபிளின்படி அது ஒரு மணவறைக் கதிரை. அன்றைக்கு அது என்ன?

மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓடரைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "மெனுவ ஒருக்கா உறுதிப்படுத்திக்கொள்ளலாம் எண்டு எடுத்தனான், மாஸ்டர்" என்றேன்.

"ஆட்டிறைச்சிதான் போட்டது, ராத்தா. எனக்கு நல்ல ஞாபகம்" என்றார் அவர்.

பின்னால் அவருடைய மனைவியின் குரல் கேட்டது. "ஆரு சொன்ன ஆடு எண்டு? மாடும் கோழியும்! ஆடு போட்டது உங்கட தங்கச்சி மகன்ட கலியாணத்துக்கு!"

கணக்கு வாத்தியார் குரலைத் தாழ்த்தினார்: "ராத்தா, ஒண்டு மட்டும் கேக்கிறன். கூடவும் வேணாம், குறையவும் வேணாம். நாங்க வந்த இடத்தில வாழுற ஆக்கள். மூத்தவள் எத்தாளையில தலை நிமிந்து இருக்கோணும். அவட மாமியார்ட்ட மட்டும் கேட்டுப்போடாதேங்கோ. என்ன போட்டது எண்டே மறந்துட்டாங்களா எண்டு நினைப்பாங்க."

அந்தக் குரல் என் காதில் நிறைய நேரம் நின்றது. சிஸ்டம் விழுந்தால் நான் பதற மாட்டேன், எழுப்பிவிடலாம். ஒரு மனிதர் தன் மகளின் நிம்மதியை நம்முடைய இரண்டு சொல்லில் நம்பி வைத்திருக்கிறார், அது விழுந்தால் எழுப்ப முடியாது.

பர்ஹானாவுக்கே எடுத்தேன். அவள் சிரித்தாள். "நான் பொண்ணு, ராத்தா. அறைக்குள்ள குந்த வெச்சிருந்தாங்க. யாரோ ஒரு கரண்டி சோறு வாயில வெச்சது மட்டும்தான் தெரியும்." உண்மைதானே. கலியாணச் சாப்பாட்டைப் பார்க்காத ஒரே ஆள் கலியாணப் பெண்தான். பிறகு அவளே வழி சொன்னாள். "கலியாண டிவிடி ஒண்டு இருக்கு. மாமிட அலுமாரில, சாவி அவங்கட கையில. அதில ஆம்புளையள் பக்கம் சாப்பிடுறத எல்லாம் எடுத்திருப்பாங்க. மண்டபத்தில ஓட்டிக் காட்டக் கேட்டாங்க எண்டு வந்து வாங்குங்க. சாப்பாட்டுக் கதை மட்டும் எடுக்காதீங்க."

அடுத்த நாள் நிஷாந்த கம்பனி வானை ஓட்ட, பாலாவிச் சந்தியால் திரும்பி எத்தாளைக்குப் போனோம். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் மிளகாய்த் தோட்டம், வான் முழுக்க மணல். வழி நெடுக நான் பொய்யை ஒத்திகை பார்த்தேன். "ராத்தா, உங்கட முகமே காட்டிக் குடுக்கும்" என்றான் நிஷாந்த. அவன் சொன்னது சரி.

எத்தாளை மாமி, பர்ஹானாவின் மாமியார், வாசலிலேயே இருந்தார். மெலிந்த மனிசி, கூர்மையான கண். தேத்தண்ணி வந்தது, சீனிச் சம்பலும் பாணும் வந்தது. நான் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். மாமி கோப்பையைக் கீழே வைத்தார்.

"இளையவட கலியாணத்தில மூத்தவட படத்தப் போடுறதா? எந்த ஊரு வழக்கம் புள்ள இது?"

நிஷாந்த பாணைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். மாமி அதோடு விட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினார். "டிவிடி வேணுமெண்டா அங்க போய் எடுங்க."

எழுந்து பார்த்தேன். மிளகாய்ப் பாத்திகளுக்கு மேலே கயிறு கட்டி, அதில் வட்டு வட்டாகப் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தன. குருவி வராமல் இருக்க. பர்ஹானாவின் கலியாணம் காற்றில் சுழன்று வெயிலை எங்கள் கண்ணில் அடித்தது.

"பாக்கிறதுக்குப் பெட்டி இல்ல. அலுமாரில கிடந்து என்ன செய்ய? மருமகளுக்கும் சொல்லாமக் கட்டிட்டேன்." என்றார் மாமி. எங்கள் டிஸ்க்கும் அதே நிலைமைதான். எங்களுடையதைக் கண்டு குருவிகூடப் பயப்படாது.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சாப்பாட்டு விஷயமாத்தானே வந்தீங்க?"

அந்த நேரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இன்னொரு பொய் சொல்லலாம், அதையும் அவர் கண்டுபிடிப்பார், அப்போது மாஸ்டரின் மரியாதையும் போகும். குற்றத்தை எங்கள் தலையில் போட்டுக்கொள்வதுதான் ஒரே வழி. "ஓம் மாமி. எங்கட கம்பியூட்டரில பிழை. மாஸ்டர் எல்லாம் சரியாத்தான் சொன்னவர். எங்கட ஆக்கள்தான் அழிச்சிட்டாங்க" என்றேன். அது உண்மையும்கூட.

மாமியின் முகம் மலர்ந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுக்கா புள்ள இவ்வளவு தூரம்? நான் சொல்றேன் எழுதுங்க. நெய்ச்சோறு. ஆட்டிறைச்சிக் கறி. மேல முழுக் கோழி பொரிச்சு வெச்சாங்க. கத்தரிக்காய்ப் பொரியல், அச்சாறு, மாசிச் சம்பல். கடைசியில வட்டிலப்பம், சின்னக் கோப்பையில. அன்னாசி, நல்லாப் பழுத்தது."

ஒரு தடங்கல் இல்லை. நான் தாளிலிருந்த அளவுகளோடு மனதுக்குள் பொருத்திப் பார்த்தேன். வரி வரியாக ஒத்து வந்தது. பதினொரு வருடம் ஒரு மனிசி ஒரு மெனுவை எப்படி ஞாபகம் வைத்திருக்க முடியும் என்று வியந்து முடிவதற்குள், காரணம் தானாக வந்தது.

"அதோட இறால் பொரியல் ஒரு தட்டு" என்றார் மாமி, குரல் கொஞ்சம் மாறி. "ஒரே ஒரு தட்டு. சம்பந்தி நான் இருக்கிறேன், என்ட சகோதரிமார் இருக்கிறாங்க. எங்கட சஹனுக்கு இல்ல. பக்கத்துச் சஹனில பொண்ணுட தங்கச்சி, சின்னப் புள்ள, அதுக்கு முன்னால கொண்டு வந்து வெச்சாங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. நான் என்ன சொல்ல?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னாலும், ஒவ்வொரு பெருநாளுக்கும் சொல்லியிருக்கிறார் என்பது கதவோரத்தில் நின்ற பர்ஹானாவின் முகத்தில் தெரிந்தது. மனத்தாங்கலைப் போல ஒரு காப்பகம் உலகத்தில் கிடையாது, பிள்ளைகளே. கரண்ட் வேண்டாம், பெக்கப் வேண்டாம், ஒரு பருக்கையும் தொலையாது.

வான் வரைக்கும் பர்ஹானா கூட வந்தாள். "ராத்தா, இந்த இறால் கதைய வாப்பாட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார். நஸ்ரின் அப்ப சின்னவ, இறைச்சி தின்ன மாட்டா. அதுக்காகத்தான் வாப்பா சொல்லிச் செய்விச்சது. இவ்வளவு காலமும் அவருக்குத் தெரியாமத்தான் வெச்சிருக்கிறேன்." கண் கலங்கியிருந்தாள். பிறகு தானே சிரித்தாள். "பாத்தீங்களா, ஒரு தட்டு இறால்."

திரும்பி வரும் வழியில் நாங்கள் கதைத்தது இறாலை மட்டும்தான். தாளின் கடைசி வரியிலிருந்த அந்த ஒன்று என்ன என்று தெரிந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நிஷாந்த ஒவ்வொரு வழியாகச் சொல்லிப் பார்த்தான். இறாலை எடுத்துவிட்டால் மூத்தவளை விட ஒரு சாமான் குறையும். எல்லாச் சஹனுக்கும் வைத்தால், இளையவளுக்கு மட்டும் கடலையே கொண்டு வந்து கொட்டினார்கள் என்று எத்தாளை பேசும். அப்படியே ஒன்று வைத்தால், பழைய புண்ணில் உப்பு. "சரி ராத்தா, கம்பியூட்டர் இதுக்கு மேல ஒண்டும் சொல்லாது" என்றான்.

நான் யோசித்தது வேறு. இந்த வரி யாருடையது? ஓடர் மாஸ்டருடையது. ஆனால் இந்த ஒரு வரி நஸ்ரினுடையது. அவளுக்காகப் போடப்பட்டது. என்ன செய்வது என்று சொல்லும் உரிமை அவளுக்குத்தான் உண்டு. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது: யார் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாரோ அவரை மட்டும் கேட்போம். அன்றைக்கு நான் அந்தப் பழக்கத்தை விட்டேன்.

கரைத்தீவுக்குப் போனோம். மாஸ்டரிடம் மெனு சரி, ஆட்டிறைச்சிதான் என்று சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், சோதனையில் நூறு எடுத்த பிள்ளையின் பார்வை. பிறகு, பெண்ணைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய், மருதோன்றி போட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருந்த நஸ்ரினிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

அவளுக்கு முதலில் நம்ப முடியவில்லை. "அந்த இறாலா? ராத்தா, அது எனக்கு நல்ல ஞாபகம். ரெண்டு மூண்டுதான் தின்ட நான். தாத்தா போறா எண்டு அழுதுட்டே இருந்தேன்." அவள் பர்ஹானாவைத் தாத்தா என்றுதான் சொல்வாள். நம் ஊரில் அக்காவுக்கும் அப்படிச் சொல்வார்கள். மருதோன்றிக் கையைக் குனிந்து பார்த்தாள். "தாத்தா இத்தனை வருஷமும் என்ட இறாலுக்காக ஏச்சு வாங்கியிருக்கிறா. ஒருக்காவும் சொல்லல்லையே!" என்றாள். பிறகு நிமிர்ந்து, "மெனுவில ஒண்டும் மாத்த வேணாம், ராத்தா. இறால் ஒரு தட்டு, முந்தியது போல. அத மட்டும் என்ட கையில தரச் சொல்லுங்க" என்றாள்.

கலியாணத்தன்று நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் நிற்காமல் இருக்க முடியவில்லை. சஹன்கள் வந்தன. நெய்ச்சோறு, ஆடு, கோழி, எல்லாம் அப்படியே. எத்தாளை மாமி மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதை நான் பார்த்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் மூடியை வைத்தார். அப்போது மணவறையில் சலசலப்பு. கலியாணப் பெண் எழும்பிவிட்டாள். கனத்த உடுப்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையில் ஒரு தட்டோடு நடந்து வருகிறாள். பின்னால் நாலைந்து பெண்கள், "உடுப்பு, புள்ள, உடுப்பு!" என்று பதறிக்கொண்டு வருகிறார்கள்.

நஸ்ரின் நேரே வந்து எத்தாளை மாமிக்கு முன்னால் குனிந்து இறால் தட்டை வைத்தாள். "மாமி, இது உங்களுக்கு. அண்டைக்கே தந்திருக்கோணும். நான் சின்னவ, எனக்குத் தெரியா" என்றாள்.

மண்டபத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சின்ன மகள் மூத்தவளின் மாமிக்கு மரியாதை செய்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், மாஸ்டரும் அப்படித்தான் பிறகு பெருமையோடு சொல்லித் திரிந்தார். பர்ஹானாவுக்கு விளங்கியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி தட்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், ஓர் இறாலை எடுத்து வாயில் போட்டார். எல்லோரும் காத்திருந்தோம்.

"உப்பு கொஞ்சம் காணாது" என்றார். சொல்லிவிட்டு நஸ்ரினின் தலையைத் தடவினார். தடவிய கை உடனே எடுபடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் திட்டத்தை மாற்றி எழுதினோம். இந்தத் தடவை முதலில் கேட்டது முன்பதிவு மேசையை. ஓடரின் வயதைப் பார்த்துத் தூக்குவதை விட்டோம். ஒரு குடும்பத்தில் இன்னும் கலியாணத்துக்குப் பிள்ளை இருக்கிறதா என்பதை மேசையிலிருப்பவர்களே குறித்து வைத்தார்கள், அது இருக்கும்வரை அந்த ஓடர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூக்கி வைக்கிற ஓடருக்குள் எண்ணோடு கறியின் பெயரையும் எழுதினோம். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொரு சாமானுக்குக் கொடுப்பதில்லை என்று முதலாளியிடம் கையொப்பம் வாங்கினேன். வருடத்தில் ஒருநாள், யாரும் கேட்காமலே, பழைய ஓடர் ஒன்றை எடுத்து சமையற்கட்டு ஆட்களுக்கு வாசித்துக் காட்டினோம். ஜெனரேட்டர் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இதெல்லாம் உங்களுக்குக் கஷ்டம் இல்லை, நீங்கள் என்னை விடக் கெட்டிக்காரர்கள். மற்றவர்களைக் கேட்பதற்குத்தான் உங்களுக்குக் கூச்சம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு மாமி ஓர் இறாலுக்கு மேல் சாப்பிடவில்லை. பர்ஹானாவின் மகள் ஆயிஷாவைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, மீதியை ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்தார். பிறகு சுவரோரம் நின்ற என்னைக் கண்டு கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"புள்ள, இவட கலியாணமும் உங்கட கம்பனிதான். நெய்ச்சோறு, ஆடு, கோழி, இறால் ஒரு தட்டு. எல்லாம் முந்தியது போல. கம்பியூட்டரில எழுதி வைங்க."

நஸ்ரினின் ஓடரின் அடியிலேயே எழுதி வைத்தேன். அந்த ஓடர் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஆயிஷாவுக்கு அப்போது ஒன்பது வயது, வகுப்பில் முதலாம் பிள்ளை, படித்து முடிக்காமல் கட்டிக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் திட்டத்தில் ஏழு வருடம் என்று இருக்கிறது. மாமி நல்ல தேகசுகத்தோடு இருக்கிறார், போன பெருநாளைக்கும் பார்த்தேன். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.